எண்டோமெட்ரியோசிஸும் எங்கள் வீட்டுத் தாளிப்பு வடகமும்: ஓர் உணவுச் சோதனைப் பதிவு

எண்டோமெட்ரியோசிஸ் உள்ள ஒருவர் உணவை மாற்றினால் எந்தத் தொல்லை குறையும், எது குறையாது என்பதைப் புதுச்சேரி இலாசுப்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டு அடுப்படியில் சோதித்துப் பார்த்ததன் பதிவு இது. கருப்பையின் உட்படலத்தை ஒத்த திசு சினைப்பையிலும், இடுப்புக்குழியின் உள்ளுறையிலும், சிலருக்குக் குடலின் மேற்பரப்பிலும் வளர்வதுதான் இந்த நோய். குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதம் பேருக்கு, அதாவது உலகெங்கும் 19 கோடிப் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அந்தத் திசுவைக் கரைக்கும் உணவு எதுவும் இல்லை. என் இடப்பக்கச் சினைப்பையில் உள்ள சாக்லேட் கட்டி (இந்த நோயால் பழைய இரத்தம் தேங்கி உண்டாகும் நீர்க்கட்டி), இத்தனை மாற்றங்களுக்குப் பிறகும் ஸ்கேனில் பழைய அளவிலேயே தெரிகிறது. எனவே இதைச் சிகிச்சைக்கு மாற்றாக யாரும் படிக்க வேண்டாம். கருத்தரிக்க முயன்றுகொண்டிருந்ததால், மருத்துவரின் சம்மதத்தோடு ஹார்மோன் மாத்திரை இல்லாமல், மாதவிடாய் நாள்களுக்கு மட்டும் அவர் எழுதித் தந்த வலி மாத்திரையோடு இருந்த காலத்தில் நான் செய்த வேலை இது.

எனக்கு இருந்த வலியை இரண்டாகப் பிரித்துப் பார்த்த பிறகுதான் உணவுக்கு இதில் எங்கே இடம் என்பது புலப்பட்டது. ஒன்று, மாதவிடாயின் முதல் இரண்டு நாள்களில் அடிவயிற்றையும் இடுப்பையும் முறுக்கும் வலி. மற்றொன்று, மாதவிடாய்க்கு ஒரு வாரம் முன்பிருந்தே தொடங்கி, மாலையில் சுடிதாரின் நாடாவைத் தளர்த்த வைக்கும் வயிற்று உப்புசமும், அதனோடு ஒட்டிய மலச்சிக்கலும், வாயு நகரும்போது உள்ளே குத்தும் வலியும். எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பலருக்குக் குடல் எரிச்சல் நோயின் அறிகுறிகளும் சேர்ந்தே இருக்கின்றன. இடுப்புக்குழியில் நீடிக்கும் அழற்சியால் அங்குள்ள நரம்புகள் கூர்மையடைந்துவிட்டால், மற்றவருக்கு உறைக்காத அளவு வாயு கூடக் குடலை விரிக்கும்போது வலியாக உணரப்படும். உணவால் தொட முடிவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வலியைத்தான்.

அதற்கெனக் கையாளப்படும் முறை ஃபோட்மேப் குறைந்த உணவு முறை. சிறுகுடலில் சரிவர உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய், அங்கே நுண்ணுயிர்களால் நொதித்து வாயுவாக மாறும் சில வகைச் சர்க்கரைகளுக்கான கூட்டுப்பெயர்தான் ஃபோட்மேப். வெங்காயம், பூண்டு, கோதுமை ஆகியவற்றில் உள்ள ஃப்ரக்டான், பயறு வகைகளில் உள்ள காலக்டோ-ஒலிகோசாக்கரைடு, பாலில் உள்ள லாக்டோஸ், மாம்பழத்தில் கூடுதலாக இருக்கும் ஃப்ரக்டோஸ், காளானில் உள்ள மானிட்டால் ஆகியவை இதில் அடங்கும். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் குடல் எரிச்சல் நோய்க்காக உருவாக்கிய முறை இது. அதே பல்கலைக்கழகத்தினர் எண்டோமெட்ரியோசிஸ் உள்ள 35 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2025இல் வெளியானது. சமைத்த உணவையே வழங்கி, ஒவ்வொரு உணவு முறையையும் 28 நாள்கள் பின்பற்றச் செய்தபோது, ஃபோட்மேப் குறைந்த உணவில் 60 சதவீதம் பேருக்கும், ஒப்பீட்டு உணவில் 26 சதவீதம் பேருக்கும் குடல் அறிகுறிகள் குறைந்தன. எண்ணிக்கை சிறியது என்றாலும், ஒப்பீட்டு உணவோடு செய்யப்பட்ட ஆய்வு என்பதால், கோதுமையில் உள்ள பசையத்தை (குளூட்டன்) தவிர்த்தால் எல்லாம் சரியாகும், பாலை விட்டால் கட்டி கரையும் என்று சுற்றிவரும் பேச்சுகளைவிட இதை நான் மதித்தேன். ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டியோ இன்னும் தள்ளி நிற்கிறது. இந்த நோய்க்கென்று எந்த உணவு முறையையும் பரிந்துரைக்கும் அளவுக்குச் சான்று சேரவில்லை என்பதே அதன் நிலை.

அந்த ஆய்வின் 28 நாள் என்ற அளவுதான் என் குறிப்பேட்டின் அமைப்பைத் தீர்மானித்தது. மாதவிடாய்ச் சுழற்சியின் பின்பாதியில் புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன் கூடும்போது குடலின் அசைவு மந்தமாகிறது. மாதவிடாய் தொடங்கியதும் தசையைச் சுருக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் பெருகி, கருப்பையோடு குடலையும் சுருங்க வைப்பதால் பலருக்கு வயிறு இளகிப் போகிறது. ஆக, சாப்பாட்டில் எதையுமே மாற்றாவிட்டாலும், ஆறாம் ஏழாம் நாளில் வயிறு தானாகவே தட்டையாகும். மாதவிடாய் முடியும் நேரத்தில் ஒருவர் வெங்காயத்தை விட்டால், அடுத்த பத்து நாள் நிம்மதிக்கும் வெங்காயத்தையே காரணமாக நினைப்பார். மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் சப்பாத்தியைத் திரும்பச் சாப்பிட்டுப் பார்ப்பவர், வரவிருந்த உப்புசம் முழுவதையும் சப்பாத்தியின் தலையில் கட்டுவார். இந்த நோயில் உணவுச் சோதனைகள் பெரும்பாலும் குழம்பிப்போவது இங்கேதான் என்பது என் கருத்து. எனவே தேதியை ஓரத்தில் சிறிதாக எழுதிவிட்டு, சுழற்சியின் எத்தனையாவது நாள் என்பதையே முதல் பத்தியில் எழுதினேன். இந்தச் சுழற்சியின் 24ஆம் நாளை முந்தைய சுழற்சியின் 24ஆம் நாளோடு மட்டுமே ஒப்பிட்டேன். நேற்றோடு இன்றை ஒப்பிடவில்லை.

ஏடு சாதாரணக் கோடு போட்ட நோட்டுதான். நாள், வலிக்குப் பூஜ்யம் முதல் பத்து வரை ஒரு மதிப்பெண், மலம் கழிந்த விதம், எடுத்த மாத்திரை, தூக்கம் ஆகியவற்றோடு, தொப்புள் மட்டத்தில் தையல் டேப்பால் எடுத்த சுற்றளவைக் காலையிலும் இரவிலும் எழுதினேன். வலிக்கு மதிப்பெண் இடும்போது மனநிலை கலந்துவிடும். டேப்பில் அது கலப்பதில்லை. முதல் சுழற்சி முழுவதும் உணவில் எதையும் தொடாமல் எழுத மட்டுமே செய்தேன். பொறுமையைச் சோதிக்கும் மாதம் அது. ஆனால் அது இல்லையென்றால் பின்னால் வருவது எதையும் எதனோடும் ஒப்பிட முடியாது. மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் இரவுச் சுற்றளவு காலையைவிட இரண்டு அங்குலம் கூடுகிறது என்பது அப்போது எண்ணாகப் பதிவானது. மருத்துவரிடம் அந்தப் பக்கங்களைக் காட்டியபோது, வாயால் சொல்லிப் பல முறை புரியவைக்க முயன்றது ஒரே பார்வையில் விளங்கிவிட்டது. டயனோஜெஸ்ட் போன்ற ஹார்மோன் மாத்திரையால் மாதவிடாய் நின்றிருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் நான்கு வாரக் கட்டங்களாக எழுதிப் பார்க்கலாம்.

தமிழ்ச் சமையல் இந்த முறைக்கு ஒத்துவருமா என்ற ஐயம் எனக்கு இருந்தது. அரிசி அதன் அடிப்படையிலேயே இருப்பதால், ரொட்டியை நம்பி வாழும் நாட்டினரைவிட நமக்குப் பாதி வேலை மிச்சம். சோறு, இட்லி, தோசை, இடியாப்பம், உருளைக்கிழங்கு, கேரட், கத்தரிக்காய், வெள்ளரிக்காய், அளவான வெண்டைக்காய், வேர்க்கடலை, முட்டை, மீன் எல்லாம் அப்படியே இருக்கலாம். உளுந்தை ஊறவைத்து, அரைத்து, புளிக்க வைக்கும்போது அதில் உள்ள வாயுச் சர்க்கரையின் ஒரு பகுதி சிதைந்துவிடுவதால் இட்லி எனக்குப் பாதுகாப்பான உணவாக அமைந்தது. விடைபெற்றவை ரவை, மைதா, கொண்டைக்கடலை, காலிஃபிளவர், மாம்பழம், தர்பூசணி, முந்திரி. பண்ருட்டிப் பக்கம் உறவினர் இருக்கும் வீட்டில் முந்திரி வேண்டாம் என்று சொல்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். இந்த ஊர் அடுமனைகளில் காலையில் வாங்கும் நீள பிரெஞ்சு ரொட்டியும் சில மாதங்களுக்கு நின்றது. இவை எதுவும் பெரிய இழப்பாகத் தோன்றவில்லை. உண்மையான சிக்கல் வெங்காயமும் பூண்டும்தான். அதிலும் குறிப்பாக வடகம்.

புதுச்சேரியிலும் கடலூரிலும் தாளிப்பு வடகம் இல்லாத குழம்பைக் குழம்பென்று யாரும் ஏற்பதில்லை. இடித்த சின்ன வெங்காயத்தையும் பூண்டையும், கடுகு, உளுத்தம் பருப்பு, சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை, உப்பு ஆகியவற்றோடு பிசைந்து, கோடை வெயிலில் காயவைத்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி உருட்டி மறுபடியும் காயவைப்பது வழக்கம். பிரெஞ்சுக்காரர்கள் இதன் மணத்தில் மயங்கித் தங்கள் ஊருக்கு எடுத்துச் சென்று ‘வதுவான்’ என்ற பெயரில் மசாலாத்தூளாக விற்கிறார்கள். என் சோதனையின் பார்வையில் பார்த்தால், ஒரு வடக உருண்டை என்பது நீர் வற்றிச் செறிந்த வெங்காயமும் பூண்டும். ஆகவே செறிந்த ஃப்ரக்டான். குழம்பில் வெங்காயத்தைப் போட்டுக் கொதிக்கவைத்துவிட்டு, பரிமாறும்போது அதை மட்டும் ஒதுக்கி வைப்பதால் பயனில்லை, ஏனெனில் ஃப்ரக்டான் நீரில் கரைந்து குழம்பிலேயே தங்கிவிடும். ஆனால் அது எண்ணெயில் கரைவதில்லை. பூண்டின் மணமும் வெங்காயத்தின் மணமும் எண்ணெயில் இறங்கும், வாயு தரும் சர்க்கரை இறங்காது என்ற இந்த ஒரு வேறுபாட்டில்தான் என் சமையல் முழுவதும் நின்றது.

செய்முறை இதுதான். சிறிய இரும்புத் தாளிப்புக் கரண்டியில் இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெயை ஊற்றி, மிதமான சூட்டில் வடகத்தை உதிர்த்துப் போட்டு, கடுகு வெடித்து வெங்காயம் செம்பழுப்பாகும் வரை வறுக்க வேண்டும். கருகவிட்டால் கசப்பு எண்ணெயில் ஏறிவிடும். உடனே எவர்சில்வர் டீ வடிகட்டியில் வடித்து, அந்த எண்ணெயை மட்டும் என் பங்குக் குழம்பில் ஊற்றினேன். வடிகட்டியில் தங்கிய வடகம் வீட்டாரின் குழம்பில் போனது. வீணாக எதுவும் இல்லை. பூண்டுக்கும் இதே வழிதான். பச்சைப் பூண்டில் ஈரம் இருப்பதால், எண்ணெயில் சலசலப்பு அடங்கும் வரை மெதுவாகப் பொரித்து எடுத்துவிட வேண்டும். ஒரு முக்கியமான எச்சரிக்கை: பூண்டு ஊறிய எண்ணெயைப் பாட்டிலில் ஊற்றி மேடையில் வைக்கக் கூடாது. காற்றுப் புகாத எண்ணெய்க்குள் பூண்டோடு வந்த கிருமி வளர்ந்து பாட்டுலிசம் என்னும் கொடிய நஞ்சேற்றத்தை உண்டாக்கக்கூடும். அன்றன்று தாளித்து அன்றன்றே தீர்ப்பதுதான் என் வழக்கம். வெங்காயத்தின் பச்சை வாசனை வேண்டிய இடத்தில், பெரிய மார்க்கெட்டில் கிடைக்கும் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியை மட்டும் நறுக்கிப் போட்டேன். அடியில் உள்ள வெள்ளைப் பகுதி ஆகாது.

“வெங்காயமே போடாம கொழம்பு வெச்சா வாயில வெக்க முடியுமாடி?” என்று கேட்ட அத்தை, வடக எண்ணெய் ஊற்றிய கத்தரிக்காய்ப் புளிக்குழம்பைச் சாப்பிட்ட பிறகு பாத்திரங்களைப் பிரிக்கும் வேலையைத் தாமே ஏற்றுக்கொண்டார். வெங்காயம் இல்லாமல் பொதுக் குழம்பை வைத்து, என் பங்கை முதலில் எடுத்துவிட்டு, மற்றவர்களுக்கு வதக்கிய வெங்காயத்தைப் பிறகு சேர்ப்பது என்று அவர் வகுத்த வரிசையால்தான் இரண்டு சமையல் என்ற பாரம் வீட்டில் ஏறாமல் இருந்தது.

வெங்காயம் போனால் பெருங்காயம் என்பது நம் வீடுகளில் விரத நாள்களின் வழக்கம். இங்கும் அது கைகொடுத்தது. கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பகுதி மாவுதான். பல நிறுவனங்கள் சேர்ப்பது கோதுமை மாவு. ஒரு சிட்டிகையில் வரும் கோதுமை பெரிய பாதிப்பைத் தராது என்றாலும், சோதனைக் காலத்தில் அரிசி மாவு சேர்த்ததாகப் பின்பக்கம் அச்சிட்டிருந்ததைத் தேடி வாங்கினேன். கடை மசாலாத் தூள்களிலும் பூண்டுத்தூளும் வெங்காயத்தூளும் மறைந்திருக்கும் என்பதால், மிளகாய், மல்லி, மிளகு, சீரகத்தை மில்லில் தனியாக அரைத்து வைத்தேன். பருப்பை முழுதாக விடவில்லை. பாசிப்பருப்பை நன்றாக ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் வேகவைத்து, தெளிவான சாம்பாராக அளவோடு எடுத்துக்கொண்டேன். அந்தச் சர்க்கரை நீரில் கரைவதால், கொட்டும் நீரோடு அதில் ஒரு பங்கு போய்விடுகிறது.

மீனைக் கூட்டியதற்குக் காரணம் வேறு. அமெரிக்கச் செவிலியர் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், மீனில் உள்ள நீள் சங்கிலி ஒமேகா-3 கொழுப்பை மிகுதியாக உண்டவர்களுக்கு எண்டோமெட்ரியோசிஸ் கண்டறியப்படும் வாய்ப்பு 22 சதவீதம் குறைவாகவும், டிரான்ஸ் கொழுப்பை மிகுதியாக உண்டவர்களுக்கு 48 சதவீதம் கூடுதலாகவும் இருந்தது. இது நோய் கண்டறியப்படும் வாய்ப்பைப் பற்றிய கணக்கு. ஏற்கெனவே நோய் உள்ளவரின் வலியைப் பற்றியது அன்று. அதை மறக்காமல்தான் மத்தியும் கானாங்கெளுத்தியும் நெத்திலியும் வாரத்தில் சில வேளைகள் என்று வைத்தேன். டிரான்ஸ் கொழுப்பைப் பொறுத்தவரை, 2022 முதல் உணவு எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் அது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்திய விதி. மறுபடி மறுபடி காய்ச்சிய எண்ணெயில் பொரித்த தெருக்கடைப் பலகாரங்களை நான் இதன் பெயரால் நிறுத்தியதில் எந்த நட்டமும் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்த நாள்களில் வஞ்சிரத்தின் விலையைக் கேட்கவே தயக்கமாக இருக்கும். ஆனால் கரையோரம் வலை வீசும் ஃபைபர் படகுகளுக்குத் தடை இல்லாததால், எனக்குத் தேவையான சின்ன மீன்கள் கொஞ்சம் விலை கூடியேனும் கடலூர் முதுநகரில் உள்ள என் தாய்வீட்டுப் பக்கம் கிடைத்தன. நெத்திலியை முள்ளோடு சாப்பிடுவதால், பாலைக் குறைத்த நாள்களில் கால்சியத்துக்கும் ஒரு வழி கிடைத்தது.

இந்தக் கட்டுப்பாட்டைக் காலமெல்லாம் பின்பற்றக் கூடாது. இரண்டு முதல் ஆறு வாரங்களுக்குள் முடித்து, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்ப்பதுதான் முறை. ஃபோட்மேப் பொருள்களில் பல, குடலின் நல்ல நுண்ணுயிர்களுக்கு உணவானவை. நான் ஒரு சுழற்சி முழுவதையும் கட்டுப்பாட்டுக்கு ஒதுக்கினேன். அந்தச் சுழற்சியில் மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தின் இரவுச் சுற்றளவு, காலையைவிட அரை அங்குலம் கூடுவதோடு நின்றது. வாயுக் குத்தல் பாதிக்கு மேல் குறைந்தது. மாதவிடாயின் முதல் நாள் முறுக்கு வலி மட்டும் ஏறக்குறைய அப்படியே இருந்தது, மாத்திரையும் குறையவில்லை. எனக்கு இதில் ஏமாற்றம் இல்லை. எதிர்பார்த்த பாதிதான் கிடைத்தது.

திரும்பச் சேர்க்கும் சோதனைகளை மாதவிடாய் முடிந்த பின்னர், சுழற்சியின் 7ஆம் நாளிலிருந்து 18ஆம் நாளுக்குள் மட்டுமே வைத்துக்கொண்டேன். மற்ற நாள்களில் குடல் சொல்வதைப் பிரித்தறிய முடியாது. ஒரு பொருளைச் சிறிய அளவில் தொடங்கி மூன்று நாள்கள் கூட்டிக்கொண்டே போய், பிறகு சில நாள் இடைவெளி விட்டு அடுத்ததற்குச் சென்றேன். பால் எந்தத் தொல்லையும் தரவில்லை. உறவினர் சொல்லக் கேட்டுப் பாலை ஆண்டுக்கணக்கில் நிறுத்தியவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. காளானும் ஒத்துக்கொண்டது. இரண்டு சப்பாத்தி சிக்கலில்லை. பரோட்டா இரண்டாம் நாளே பேசிவிட்டது. சுண்டல் கொண்டைக்கடலை எந்த அளவிலும் ஆகாது. வெங்காயம், சாம்பாரில் இரண்டு சின்ன வெங்காயம் என்ற அளவில் தாங்குகிறது. ஆனியன் ஊத்தப்பம் தாங்காது. பூண்டு துளி கூட ஆகாது, எண்ணெய் மட்டும் சரி. இது என் குடலின் பட்டியல். வேறொருவருக்குப் பாலே எதிரியாக இருக்கலாம், பூண்டு நண்பனாக இருக்கலாம்.

உதிரப்போக்கு மிகுதியாக உள்ளவர்கள் இந்த முறையைத் தொடங்கும் முன் ஹீமோகுளோபினைப் பார்த்துவிடுவது நல்லது. பயறும் கோதுமையும் ஒரே நேரத்தில் குறையும்போது இரும்புச்சத்தும் நார்ச்சத்தும் சேர்ந்தே குறையும். முருங்கைக்கீரையையும் கேழ்வரகையும் நான் கூட்டியது அதற்காகத்தான். சாப்பாட்டோடு காபி குடிக்கும் பழக்கத்தை மட்டும் ஒரு மணி நேரம் தள்ளிவைத்தேன், காபியும் தேநீரும் இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுப்பதால். ஏற்கெனவே உடல் மெலிந்தவர்களும், உணவைப் பற்றிய அச்சம் உள்ளவர்களும் உணவியல் வல்லுநரின் துணையில்லாமல் இதில் இறங்கக் கூடாது. அம்மா தரும் உளுந்தங்களியையும் இதே நோட்டில் வைத்துச் சோதித்தேன். இடுப்புக்கு வலு தருகிறதா என்பதை என் டேப்பால் அளக்க முடியாது. வயிற்றை உப்ப வைக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம், ஆகவே களி தொடர்கிறது.

இனிச் சோதிக்க வேண்டியது பண்ருட்டிப் பலாப்பழம். பருவம் தொடங்கியதும், 8ஆம் நாளில் இரண்டு சுளை, மறுநாள் நான்கு, அதற்கு மறுநாள் ஆறு என்று வைத்துப் பார்க்கப் போகிறேன். சுளையை எடையில் எழுதிவைக்கச் சமையலறைத் தராசு வாங்கியாயிற்று, ஏனெனில் அத்தை எடுத்துத் தரும் சுளையும் கடைக்காரர் தரும் சுளையும் அளவில் ஒன்றல்ல.